அனந்தலக்ஷ்மி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி

பாகீரதி மாமிக்கு மல்லேஸ்வரத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அவள் வீட்டுக் கொல்லைப்புறக் குழாயடிதான் அந்த ராஜ்ஜியம். தெரு மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடியும். முடிகிற இடத்தில் மாமியின் வீடு. மேட்டு வீடுகளில் காலையில் குழாய் விக்கி விக்கி நின்றுபோன பிறகும் மாமி வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். இதில் மாமியின் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. வீடு பள்ளத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் மாமியோ அந்தத் தண்ணீரைத் தானே பெற்று வளர்த்ததைப் போல நடந்துகொள்வாள்.

யாராவது குடத்தோடு வந்து கொல்லைக் கதவைத் தட்டினால் உடனே திறந்துவிட மாட்டாள். குரல் தெரிந்தாலும் "யாரது?" என்பாள். கதவைத் திறந்து, ஆளைப் பார்த்து, குடத்தைப் பார்த்து, "ஏன், உங்காத்துல ஜலம் வரலையா?" என்று கேட்பாள். வந்தவள் "வரலை மாமி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் செல்லாது. சொன்ன பிறகு குடம் வழிய வழியத் தருவாள், கொடுப்பதில் ஒரு குறையும் வைக்க மாட்டாள். அந்த ஒரு வார்த்தையை வாங்காமல் மட்டும் குழாயில் கை வைக்க மாட்டாள்.

கணவர் சந்தானம் மைசூர் சர்க்காரில் ரெவின்யூ இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் பாதி நாள் காம்ப், மீதி நாள் ஆபீஸ். வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கொல்லைப்புறம் என்று ஒன்று இருப்பதே கேள்வி ஞானம்தான். ஆகவே மாமியின் ஆட்சியில் தலையிட ஆள் இல்லை.

அப்படி நிம்மதியாக இருந்தவளுக்கு, கொஞ்சம் மேட்டில் இருந்த பக்கத்து வீட்டை வாங்கிக்கொண்டு அனந்தலக்ஷ்மி வந்து சேர்ந்தாள். புருஷன் சுந்தரேசன் ரயில்வேயில் கணக்கு அதிகாரி. அனந்தலக்ஷ்மி சின்னவள், சிரித்த முகம். வந்த மாதமே தெருவில் எல்லாருக்கும் வேண்டியவளாகிவிட்டாள். தமிழ்க்காரர்களிடம் தமிழ், கன்னடக்காரர்களிடம் கன்னடம், காய்காரரிடம் உருது என்று கலகலவென்று பேசுவாள். மாமிக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. அவள் வீட்டு ரேடியோ பிடிக்கவில்லை. ஜன்னல் திரை பிடிக்கவில்லை. மாமி வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கும் ஸ்ரீராம்புரத்துச் சரசு அங்கேயும் வேலைக்குப் போக ஆரம்பித்ததும், போய்வந்து "அந்தம்மா காப்பி குடுத்தாங்க" என்று சொன்னதும் துளிக்கூடப் பிடிக்கவில்லை. மறுநாளிலிருந்து மாமியும் சரசுவுக்குக் காப்பி கொடுத்தாள். பெரிய டம்ளரில் கொடுத்தாள். வயிற்றெரிச்சலாலும் சில நல்ல காரியங்கள் நடக்கத்தான் செய்கின்றன.

இதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொண்டாள். அனந்தலக்ஷ்மியும் குடத்தோடு வந்து "வரலை மாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தவரை பொறுக்க முடிந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம் அதற்கும் வேட்டு வந்தது. செய்தியைக் கொண்டுவந்தவள் சரசு.

"யம்மா, பக்கத்து ஊட்ல மில்ட்ரி தொட்டி வாங்கினு வராங்களாம்மா. அல்சூர்ல ஏலத்துல எடுத்தாங்களாம். இரும்புத் தொட்டி, ஒரு ரூம்பு மாதிரி கீதாம். மேடை கட்டி மேல ஏத்திட்டா நாள்பூரா பைப்புல தண்ணி!"

"அதுக்கு உனக்கு என்னடி இவ்வளவு குஷி?"

"குஷி இருக்காதாம்மா? கொடம் தூக்கித் தூக்கித் தோளே போச்சு."

மாமி குழாயடிக்குப் போய், சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். ஒரு ரூம் அளவு தண்ணீர்! விடியற்காலையில் அழுத்தத்தோடு வருகிற தண்ணீரையெல்லாம் அது வாங்கி வைத்துக்கொள்ளும். அப்புறம் தன் கதவை எவள் தட்டப் போகிறாள்?

இரண்டொரு நாளில் அனந்தலக்ஷ்மியே குங்குமச் சிமிழோடு வந்தாள்.

"மாமி, வெள்ளிக்கிழமை தொட்டி மேடைக்குப் பூஜை போடறோம். முதல் கல்லுக்கு நீங்கதான் மஞ்சள் குங்குமம் வெக்கணும். இந்தத் தெருவுக்கே பழையவா நீங்கதானே."

"எந்த எடத்துல கட்டறேள்?"

"ஈசான்ய மூலையிலதான். ஜலம்னா அங்கதான் இருக்கணும்னு சாஸ்திரிகள் சொல்லிட்டார். கல்வாழை முளைச்சிருக்கே, அந்த எடம். அது சரியா இருக்குமோ மாமி? உங்களுக்குத் தெரியாததா?"

மாமிக்குத் தெரியும். மாமி ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தக் கல்வாழைக்கு அடியில் ஒரு கிணறு இருந்தது. வீட்டை முதலில் கட்டியவரும் சாஸ்திரம் பார்த்து ஈசானிய மூலையில்தான் கிணறு தோண்டினார். தெருவுக்குக் குழாய் வராத காலத்தில் புதுப் பெண்ணாக வந்த பாகீரதி அங்கே போய்த்தான் தண்ணீர் இழுத்தாள். குழாய் வந்ததும் கிணற்றை யாரும் சீந்தவில்லை. தண்ணீர் கெட்டு நாற்றம் எடுத்தது. தேங்காய் மட்டை, வாழைத்தண்டு, உடைந்த ஓடு, அடுப்புச் சாம்பல் என்று வருஷக்கணக்காகக் குப்பையைக் கொட்டி நிரப்பி, மேலே செம்மண் போட்டுத் திமிசால் இடித்துக் கெட்டியாக்கிவிட்டு, வீட்டை விற்றுத் தும்கூர்ப் பக்கம் போய்விட்டார்கள். தெருவில் மற்றவர்கள் எல்லாரும் பிறகு வந்தவர்கள். தண்ணீருக்குச் சாஸ்திரம் காட்டுகிற மூலை ஒன்றேதான் என்றால் பழைய கிணறும் அங்கேதானே இருந்திருக்கும் என்று சாஸ்திரிகளுக்கும் தோன்றவில்லை, சுந்தரேசனுக்கும் தோன்றவில்லை.

மாமி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அனந்தலக்ஷ்மி வெகுளியாக, "இனிமே நீங்களும் வர்றவாளுக்கெல்லாம் குழாய் திறந்துவிட்டுக் கஷ்டப்பட வேண்டாம் மாமி. எல்லாரும் எங்காத்துலயே பிடிச்சுக்கட்டும்" என்றாள்.

மாமியின் வாய் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது வேறு பேச்சு வந்தது.

"சாஸ்திரிகளே சொல்லிட்டார்னா அப்பறம் நான் என்ன சொல்றது?"

வெள்ளிக்கிழமை போய் முதல் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வந்தாள். வைத்த குங்குமம் கோணலாக இருந்தது. பார்த்தவர்கள் வயசு என்று நினைத்துக்கொண்டார்கள்.

மேஸ்திரி முனிராஜ் வேலையைத் தொடங்கினான். நான்கு கருங்கல் தூண்கள், அவற்றின் மேல் சப்படிக் கல், அதாவது பலகையாகப் பிளந்த கருங்கல். அதன் மேல் தொட்டி. கடைக்கால் தோண்டும்போது செம்மண் கெட்டியாகவே இருந்தது. அவன் அதற்கு மேல் ஆழம் போகவில்லை. தூண்கள் ஏற ஏற மாமி தன் மனசாட்சியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். தொட்டி விழ வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. அவ்வளவு பொல்லாதவள் அல்ல. கொஞ்சம் சாய்ந்தால் போதும். ஒரு பக்கம் தாழ்ந்து, தண்ணீர் வழிந்து, ஊரே பார்த்து, அனந்தலக்ஷ்மி மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும். தெய்வத்திடம் அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

தூண்கள் முடிந்து சப்படிக் கல்லும் ஏறிய அன்று சரசு வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"வந்து பாருங்கம்மா, அந்தம்மா எனக்கு இன்னா பண்ணிக்கீறாங்கன்னு!"

மேடைக்கு அடியில், தூண்களுக்கு நடுவில், புதிதாக ஒரு துவைகல். சரசு ஓடிப்போய் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, துணியை அடிப்பதுபோல் கையை ஓங்கிக் காட்டினாள்.

"வெயிலும் இல்ல, மழையும் இல்ல. ராணி மாதிரி உக்காந்துக்கினு தோய்க்கலாம்."

மாமி மேலே பார்த்தாள். சரசுவின் தலைக்கு நேர் மேலே கல். நாளைக்கு அதன் மேல் இரும்பு. இரும்புக்குள் தண்ணீர். கீழே வாழைத்தண்டும் தேங்காய் மட்டையும்.

"எழுந்திருடி."

"இன்னாம்மா?"

"எழுந்திருன்னா எழுந்திரு!"

சரசு பயந்து எழுந்துவிட்டாள். மாமி விடுவிடுவென்று வீட்டுக்கு வந்து, ஈஸிசேரில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த சந்தானத்திடம், "பக்கத்தாத்துல கிணறு இருந்ததே, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"கிணறா? எந்த ஆத்துல?" என்றார் அவர், பத்திரிகையை இறக்காமலே.

சாட்சிக்கும் ஆள் இல்லை. சொன்னால் முதலில் என்ன கேட்பார்கள் என்று மாமிக்குத் தெரிந்தே இருந்தது. அன்று அவள் வைத்த ரசத்தில் உப்பு இல்லை. அதை மட்டும் சந்தானம் கண்டுபிடித்துச் சொன்னார்.

மறுநாள் காலை லாரியில் தொட்டி வந்தது. பச்சை வர்ணம் அடித்த பட்டாளத்துத் தொட்டி. தெருவே மதில்மேல் கூடிவிட்டது. மூன்று கம்பத்தை முக்காலியாகக் கட்டி நட்டு, சங்கிலி மாட்டி, ஆட்கள் கயிற்றைப் பிடித்த நேரத்தில் பாகீரதி மாமி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"நிறுத்துங்கோ! அந்த எடத்துல கிணறு இருந்தது. மூடின கிணறு. தொட்டியை ஏத்தாதேங்கோ."

சங்கிலிச் சத்தம் நின்றது. சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"மாமி, பூஜைக்கு வந்தேளே. முதல் கல்லுக்கு நீங்கதானே குங்குமம் வெச்சேள். அன்னிக்கு ஒண்ணும் சொல்லலையே?"

மதில்மேலிருந்து ஒரு குரல், எத்தனையோ காலைகளில் "வரலை மாமி" என்று சொன்ன குரல்களில் ஒன்று, எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னது: "மாமிக்குப் பொறுக்கலை. வேற என்ன?"

சிரிப்பு எழுந்தது. அத்தனை பேரும் சிரித்தார்கள். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை, அவளுக்குப் பொறுக்கவில்லை என்பது முழு உண்மை. அவள் பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ, வாழ்நாளிலேயே முதல் தடவையாகப் பொறாமையை விழுங்கிக்கொண்டு ஒரு உண்மையைச் சொன்ன அன்றைக்கு அது பொறாமையாகவே போயிற்று. மாமிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. திரும்பிப் போயிருப்பாள். ஆனால் துவைகல்லின் மேல் சரசு ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"முனிராஜ், கடப்பாரையை எடு. தூண் பக்கத்துல குத்திப் பார்."

முனிராஜ் சுந்தரேசனைப் பார்த்தான். அவர் அசையவில்லை. மாமி தானே போய்க் கடப்பாரையைப் பிடித்தாள். அது நகர்ந்ததே தவிர எழவில்லை. வயதான பொம்மனாட்டி இரும்போடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல் முனிராஜ் ஓடிவந்தான்.

"வுடுங்கம்மா, நான் பாக்கறேன். உங்க மனசு திருப்திக்கு."

முதல் குத்தில் செம்மண் பெயர்ந்தது. அடுத்ததில் கடப்பாரை முழங்கால் ஆழம் இறங்கியது. முனிராஜின் முகம் மாறியது. பிடுங்கி, இரண்டு கையாலும் ஓங்கி மறுபடி அதே இடத்தில் குத்தினான். கடப்பாரை அவன் கையை உருவிக்கொண்டு உள்ளே போனது. போனது போனதுதான். அடியில் எங்கோ சொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. துளையிலிருந்து மக்கிய மட்டை நாற்றம் குப்பென்று வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மதில்மேல் இருந்தவர்கள்கூடக் கீழே இறங்கிவிட்டார்கள். சரசு துவைகல்லிலிருந்து காலை எடுத்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "மாரியாத்தா" என்றாள் மெதுவாக.

அனந்தலக்ஷ்மி ஓடிவந்து மாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும் மாமி!"

"அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம்..." என்று ஆரம்பித்தார் சுந்தரேசன்.

"மறந்துபோயிருக்கும். எத்தனை வருஷத்துக் கதை! ஞாபகம் வந்ததே நம்ம புண்ணியம்" என்று அனந்தலக்ஷ்மி அவர் வாயை அடைத்துவிட்டாள்.

மாமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறக்கவில்லை என்று இவளுக்குத் தெரியும். கல்வாழை இடம் சரியா என்று கேட்டவளே இவள்தானே! தெரிந்தும் கேட்காமல் விடுகிறாளே, என்ன தைரியம்! இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் திருப்பித் திட்டியாவது ஆறியிருக்கலாம்.

மேடையைப் பிரித்தார்கள். முனிராஜ் கிணற்றை மறுபடி கல்லும் மண்ணுமாக நிரப்பி, அதற்கு எட்டாத இடமாகத் தேடினான். புதுக் கடப்பாரையோடு தோட்டம் முழுக்கக் குத்திக்கொண்டே போனான். ஓரிடத்தில்தான் பாறையில் பட்டதுபோல் 'ணங்'கென்று ஒலித்தது. அது பாகீரதி மாமியின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. மதிலுக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொடுகிற தூரம். உண்மையைச் சொன்னதற்குத் தெய்வம் மாமிக்குக் கொடுத்த சன்மானம் அது.

அதன் பிறகு முனிராஜ் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். அடுப்பில் குழம்பு கொதிக்கும், ஜன்னலில் மாமி நிற்பாள்.

"அந்தக் கல்லு ஆடறது பார்."

"ஆடலம்மா."

"காலை வெச்சுப் பார்."

காலை வைத்தால் ஆடும்.

"மூலைக்கு மூலை தூக்குக்குண்டு போட்டயா? இந்தத் தூண் எனக்கு வளைஞ்சு தெரியறதே."

"உங்க ஜன்னல் கம்பி வளைஞ்சிருக்கும்மா."

"என் ஜன்னலைச் சொல்லாதே. குண்டைப் போடு."

சிமெண்ட் பூச்சு காய்வதற்குள் தண்ணீர் தெளிக்க மறந்தால் ஜன்னலிலிருந்து கூப்பாடு வரும். வெயில் நேரத்தில் ஈரச் சாக்கு போட்டு மூடவில்லையென்றால் அதற்கும் வரும். அக்கறை என்று நினைத்துவிட வேண்டாம். அனந்தலக்ஷ்மியின் மேடையில் ஒரு குற்றமாவது கண்டுபிடிக்காமல் மாமிக்குச் சோறு இறங்கவில்லை. கண்டுபிடித்ததையெல்லாம் மாமியின் வாய்க்குப் பயந்து முனிராஜ் பிரித்துப் பிரித்துக் கட்டினான். கடைசியில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவை விட்டு ஒரு மயிரிழை நகரவில்லை.

"இந்த மாதிரி மேடை என் ஆயுசுல கட்டினதில்லம்மா. இனிமே கட்டவும் மாட்டேன்" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

தொட்டி ஏறியது. நிரம்பியது. மேடை இம்மி அசையவில்லை. அனந்தலக்ஷ்மி தெருப் பக்கமாக ஒரு குழாயும் வைத்துவிட்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் கடப்பாரைக் கதையைச் சொல்லுவாள். அவள் கண்கலங்கிச் சொல்லும் அழகில் கேட்பவர்கள் அவளுக்காகவே உருகினார்கள். "கடவுள் உன்னைக் காப்பாத்தினார்" என்றார்கள். தன் கதையைக்கூட அவளே பிடுங்கிக்கொண்டாள் என்று மாமிக்குத் தோன்றியது. கொல்லைக் கதவை யாரும் தட்டவில்லை. தாழ்ப்பாள் துருப்பிடித்தது. தினமும் பல் தேய்த்ததும் ஜன்னலில் நின்று மேடையை மேலிருந்து கீழ்வரை பார்ப்பாள், எங்காவது ஒரு கீறல் விட்டிருக்கிறதா என்று.

அப்படியே சில வருஷம் போனது. ஒரு கோடையில் மழை பொய்த்து, பள்ளத்து வீட்டுக் குழாயிலும் பகலெல்லாம் காற்றுதான் வந்தது. நடு ராத்திரியில் எப்போதோ வந்ததைப் பக்கத்து வீட்டுத் தொட்டிதான் பிடித்து வைத்தது. சரசு தங்கை கல்யாணத்துக்கு ஆம்பூர் போயிருந்தாள். இருந்த தண்ணீரை அளந்து அளந்து செலவழித்தும் அண்டா காலியாகிவிட்டது. சந்தானம் காப்பி கேட்டார். மாமி குடத்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். தெருக் குழாயில் ஊரே பார்க்கும் என்று பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகப் போனாள். போகும் வழியெல்லாம் அந்த வார்த்தையை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். வரலை. எங்காத்துல ஜலம் வரலை. கதவைத் தட்டினாள்.

தட்டிய கை இறங்குவதற்குள் கதவு திறந்தது.

"வாங்கோ மாமி! நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். நார்த்தங்காய் ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு போடுவேள்? என்னுது பூஞ்சை பூத்துடறது" என்றாள் அனந்தலக்ஷ்மி. பேசிக்கொண்டே குடத்தை வாங்கினாள், குழாயடியில் வைத்தாள், திறந்தாள். குடத்தை அவள் பார்க்கக்கூட இல்லை. ஊறுகாயைப் பற்றியே பேசினாள்.

மாமி சொல்லிவைத்த வார்த்தை வாயிலேயே நின்றது. கேட்பாள், கேட்பாள் என்று காத்திருந்தாள். தண்ணீர் நிறைந்து வழிந்தது. அனந்தலக்ஷ்மி குழாயை மூடிவிட்டு, குடத்தின் அடியைத் தன் தலைப்பால் துடைத்து மாமியின் இடுப்பில் ஏற்றிவிட்டாள்.

"நன்னா வெயில்ல காய வெச்சுட்டு அப்பறம் உப்பு போடு" என்றாள் மாமி.

திரும்பி வரும்போது மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். அந்தத் தொட்டியின் மேல் இத்தனை வருஷம் பொறாமைப்பட்டாயிற்று. ரேடியோ மேல் பட்டாயிற்று, சிரிப்பின் மேல் பட்டாயிற்று. இப்போது எரிகிற எரிச்சல் அவையெல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது. எத்தனை குடம் கொடுத்தோம், இப்படி ஒரு குடம் கொடுக்கத் தெரியவில்லையே! இது எங்கே கற்றாள், யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவளுக்கு?

பழக்க தோஷத்தில் மாமி தூண்களை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. குடத்தைச் சரியாக இடுக்கிக்கொண்டு, சிந்தாமல் வீட்டுக்கு நடந்தாள்.